தினமும் விட்ட தண்ணீர்

என் அக்கா புருஷனை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் 'பாய்லர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அத்தான் என்பேன், கோபம் வந்தால் அதுவும் கிடையாது. குளிர் ஊர். கீழ்த்தளத்தில் ஒரு பெரிய பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி, வீட்டுக்கு வீடு சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். ஆறிய தண்ணீர் அதே பாய்லருக்குத் திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொள்வது அத்தானின் வேலை. வேலையோடு பாய்லரை ஒட்டி ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஆனால் எப்போதும் கதகதப்பு. குளிர் பட்டால் மூச்சு இழுக்கும் என் அக்காவுக்கு அந்த அறைதான் உயிர்.

இந்த வருடம் குளிர் தொடங்கியதும் சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டங் டங்கென்று சத்தம். மூன்றாம் மாடிப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து, கட்டடச் சங்கத்தின் செயலாளர் அவர்களைக் கூப்பிட்டு புத்தி சொன்னார். அன்றிலிருந்துதான் அவர்கள் நிஜமாகவே சண்டை போட ஆரம்பித்தார்கள்.

அத்தான் வீடு வீடாக ஏறி ரேடியேட்டர்களில் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டார். சூட்டில் நீளும் குழாய் சுவரில் உரசுகிறதோ என்று இடுக்குகளில் கம்பளித்துணி வைத்தார். பம்பின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். ஊஹூம். இதற்குள் எரிச்சல்பட்டவர்களெல்லாம் பதிலுக்குக் கரண்டியால் குழாயைத் தட்ட, எது வியாதி, எது வசவு என்றே அவருக்குப் புரியவில்லை. எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டு அடக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு மாடி மாடியாக இறங்கினார். இறங்க இறங்கச் சத்தம் பெருத்தது. கடைசியில் பாய்லருக்கே வந்துவிட்டார்.

ஆறவைத்துத் திறந்தால், அடியில் தண்ணீரிலிருந்து படிந்த சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. அதனடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து வெடிக்கும் சத்தம்தான் குழாய் வழியே ஊர் சுற்றியிருக்கிறது. ஒரே தண்ணீர் சுற்றிவரும் இடத்தில் அவ்வளவு சுண்ணாம்பு சேராது, புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால்தான் சேரும். அதை விட்டவர் அத்தான். தரைக்கடியில் எங்கோ குழாய் கசிந்து, தினமும் காலையில் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் இறங்கியிருக்கும். "பழைய மிஷினு, கொஞ்சம் தண்ணி குடிக்கும்" என்று சொல்லி, குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் விட்டு முள்ளை ஏற்றிவைப்பார். வருடக்கணக்காக ஒரு நாளும் தவறியதில்லை.

"கட்டடத்துக்காரங்க கூட்டத்துல பாய்லர் பழசாயிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்யும் இல்லையே" என்றாள் அக்கா. புதிது வாங்கினால் வேலையும் அறையும் தங்கும். அத்தான் தலையாட்டினார். துணைக்கு நானும் போனேன்.

சொன்னபடியே சொன்னார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதோடு முடிந்திருக்கும். தரைத்தள டீச்சரம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

"இவ்வளவு காலம் ஓடினதே இவராலதாங்க. காய்ச்சலோட வந்துகூட தண்ணி விட்டுப் பாத்துக்கிட்ட மனுஷன்" என்றார் அவர். நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

அத்தானின் முகம் செத்துப்போனது. "அந்தத் தண்ணிதாங்க கெடுத்துச்சு" என்றார். யாரும் கேட்காமலே கசிவைப் பற்றியும் சொன்னார், தரையை உடைத்துச் சரிசெய்யாமல் புது பாய்லர் வைத்தாலும் இதே கதிதான் என்றார். எனக்கு அவர் வாயைப் பொத்திவிடலாம் போலிருந்தது.

தரையை உடைக்க யாருக்கும் மனமில்லை. வீட்டுக்கு வீடு மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்வதென்று முடிவானது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை. அறையைக் காலி செய்யச் சொன்னதுகூட மரியாதையாகத்தான்.

வேறு போக்கிடமில்லாமல் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவர்களுக்கு ஒதுக்கிய பின்னறையில் வெயிலே எட்டிப் பார்க்காது.

இரண்டாம் மாடி வரும்போதே அக்காவுக்கு மூச்சு இழுத்தது. படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் மூட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பழசுன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம், இல்ல?" என்றார்.

பதில் சொல்ல அவளுக்கு மூச்சு வர வேண்டியிருந்தது. வந்ததும், "ஆமா" என்றாள்.