இரண்டு ஊருக்கும் ஒரு கோல் கீப்பர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் ஊர்க்காரரில் உதைபந்து விளையாடக்கூடியவர்கள் ஆறு பேர்தான் இருந்தோம். எங்கள் பக்கத்து ஊர்க்காரரில் ஐந்து பேர். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு ஊர்க் கழகங்களும் மோதினால் பாதி ஆட்டத்தில் கல்லெறி தொடங்கிவிடும். இங்கே லீக்கில் சேரப் பதினொரு பேர் வேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல் ஒன்று சேர்ந்தோம். கழகத்துக்கு எந்த ஊரின் பெயரை வைப்பது என்று பனி கரையும்வரை சண்டை பிடித்து, கடைசியில் பயிற்சி எடுத்த பூங்காவின் பெயரையே வைத்தோம்.

அந்தக் கோடையில் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றுக்கொண்டிருந்தோம். நாங்கள் எங்களுக்குள் பந்தைக் கொடுப்போம். பக்கத்து ஊர்க்காரர் தங்களுக்குள் கொடுப்பார்கள்.

கோல் கீப்பர் அந்த ஊர்க்காரர், எல்லாரிலும் மூத்தவர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடித்து நேரே மைதானத்துக்கு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியர் அணி நான்காவது கோலைப் போட்டதும் கையுறைகளைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போனேன்.

"என்ன அண்ணை, காலில அடியோ?"

"இல்லை. இதில ரெண்டு அணி நிக்குது. ரெண்டு ரீமுக்கு ஒராள் கோல் காக்கேலாது. ஒரு ரீம் எண்டு சொல்லுங்கோ, எழும்பிறன்."

"ரெஃபரி பாத்துக்கொண்டு நிக்கிறார் அண்ணை."

"நிக்கட்டும்."

எல்லாரும் சுற்றி நின்றோம். பிறகு, கார் திருத்தும் கராச்சில் வேலை செய்த, அண்ணையின் ஊர் இடதுபக்க ஆட்டக்காரன் என்னைப் பார்த்து, "நீ முன்னால ஓடு, நான் போடுறன்" என்றான். அண்ணை கையுறையை மாட்டிக்கொண்டார்.

அன்றும் தோற்றோம். ஆனால் அவன் உயர்த்திப் போட்ட பந்தைத் தலையால் முட்டி நான் கோலாக்கினேன். கழகத்தின் முதல் கோல் அது.

அடுத்த கோடையில் மட்டக்களப்பு இளைஞர்கள் சிலரும் சேர்ந்தார்கள். நாங்கள் வெல்லத் தொடங்கினோம். ஆட்டம் பார்க்கக் குடும்பங்கள் சோற்றுப் பார்சலோடு வந்தன. மேல் பிரிவுக்கு ஏறக் கடைசி ஆட்டத்தில் சமநிலை போதும். முடியும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அண்ணை பாய்ந்து தட்டிவிட்டார். விழுந்தவர் எழும்பவில்லை. தோள்மூட்டு விலகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேறு படிந்த ஜெர்சிகளோடு காத்திருந்தோம். அவருடைய உறவினர் யார் என்று நேர்ஸ் கேட்டாள். யோசிக்காமல் நான் எழும்பினேன். அவர் ஊர்க்காரர் யாரும் மறுக்கவில்லை.

அவரால் பிறகு விளையாட முடியவில்லை. நாங்கள் மேல் பிரிவில் ஆடிய வருடங்களில், மைதானக் கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் ஒரே மாதிரி ஏசிக்கொண்டிருந்தார்.