உருகாத வெள்ளிக் கம்பி

ஓசூர் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்க சர்க்யூட் போர்டுகளில் கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சால்டரிங் செய்வதுதான் என் வேலை. வீட்டில் ஆசைக்கு ஒரு ரேடியோ செய்ய, வெள்ளி கலந்த சால்டர் கம்பி வாங்கிவந்தேன். எவ்வளவு சூடு காட்டியும் அது உருகவில்லை, போர்டுதான் கருகியது.

ஷிப்ட் முடிந்த அலுப்போடு மறுபடி கடைக்குப் போனேன்.

“என் கைப்பழக்கமே போயிருச்சுக்கா, இந்தக் கம்பி உருகவே மாட்டேங்குது.”

கடைக்கார அக்கா கம்பியைப் பார்த்தார். “உன் கையில கோளாறு ஒண்ணும் இல்ல கண்ணு. இது ஃப்ரிட்ஜ் பைப் ஒட்டறது, கேஸ் நெருப்புலதான் உருகும். எதுக்குன்னு நீயும் சொல்லல, நானும் கேக்கல.” வேறு சுருளைத் தந்தார்.

கம்பெனியில் சால்டர் சுருள் மேசைக்கே வந்துவிடும், எந்த வகை என்று நான் கேட்க வேண்டி வந்ததே இல்லை. மறுநாள், இத்தனை வருடமாக உருக்கிய அந்தச் சுருளைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை முதல்முறையாகப் படித்தேன்.