நான் நீட்டிய குங்குமத் தட்டு

என் மனைவி இருந்தவரை, எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பெண்ணும் குங்குமம் வாங்காமல் மலை இறங்கியதில்லை. புதூர்நாட்டு ஜீப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான்; அவள் பாட்டுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி என்று தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பாள்.

அவள் இறந்தபின் முதல் முறையாகப் போன மாதம் அவளுடைய தங்கை வந்தாள். வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒடுகத்தூர் போய் வெற்றிலை வாங்கி வந்து, நானே தட்டை நிரப்பி, அவள் கிளம்பும்போது நீட்டினேன்.

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "இன்னா மாமா இது? ஆம்பள குங்குமம் குடுப்பாங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டை ஸ்டூலில் வைத்தேன். "நீயே எடுத்துக்கம்மா. உங்க அக்கா குடுத்ததா நெனச்சிக்க."

"குடுக்கப் பொம்பள இல்லாத வூட்ல நானா எடுத்துக்கினா நல்லாருக்காது மாமா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள்.

வெற்றிலையை ஆட்டுக்குப் போட்டேன். அது முறையெல்லாம் பார்க்கவில்லை, தின்றது. குங்குமத்தை எங்கே கொட்டுவதென்றுதான் இன்னும் தெரியவில்லை.