அஞ்சலைக்கு நான் சொல்லாத சாட்சி

எனக்கு நாணயம் திரும்பி வந்தது ஒரு பொய்யால். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வலங்கைமானில் நெல் வியாபாரம் செய்து, நொடித்து, மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் நான். திவாலானவன்! அதை ஊரே அறியும். கோர்ட்டு என் கடன்களைத் தீர்த்து வைத்தது. ஊர் தீர்த்து வைக்குமா? முன்பெல்லாம் களத்தில் நின்று, "எடுத்துக்கிறேன்" என்றால் போதும், நெல் வண்டியேறிவிடும். பணம் பின்னால் போகும். எங்கள் பக்கத்து வியாபாரிக்கு அந்த வாய்ச்சொல்தான் கைமுதல். கடுதாசிக்குப் பிறகோ, டீக்கடையில்கூடக் காசை முன்னால் வைக்கச் சொன்னார்கள்.

நான் எதற்கு ஏங்கினேன் தெரியுமா? பணத்துக்கா? இல்லை... "எடுத்துக்கிட்டுப் போங்க, காசு மெதுவா வரட்டும்" என்று யாராவது ஒருவர் சொல்லமாட்டாரா என்று! அறுப்புக் காலம் வந்தால் அந்த ஏக்கம் பசியைப்போல வயிற்றைப் பிடிக்கும். களம் களமாகப் போய் நின்றேன். "ரொக்கம் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

அந்தச் சொல்லைச் சொன்னவள் அஞ்சலை. கணவனை இழந்தவள், பண்ணையாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவள். "விழுந்தவரு எந்திரிக்க வேணாமா? எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்று தன் குறுவை நெல் முழுவதையும் என் வண்டியில் ஏற்றினாள். சொன்ன நாளில் பணத்தைக் கொடுத்தேன். திரும்பும் வழியில் குடமுருட்டி ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதேன்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிந்து, நிலத்தைவிட்டு அவர்களை யாரும் வெளியேற்றாதபடி காக்க அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்த சமயம் அது. பக்கத்து ஊர்களிலெல்லாம் ஊர்வலமும் அடிதடியுமாகக் கிடந்தது. பண்ணையார் குத்தகைக்கு ரசீது கொடுத்தவரே இல்லை. ஆகவே, அவள்தான் உழுதாள் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அவள் களத்தில் நெல் ஏற்றியவன் நான்தானே! "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ணே" என்றாள். வருகிறேன் என்றேன்.

விசாரணைக்கு முந்தின நாள் பண்ணையார் கூப்பிட்டனுப்பினார். "வர்ற சம்பா அத்தனையும் நீயே எடுத்துக்க. பணம் சித்திரையில குடு. நாளைக்கு மட்டும் அவளுக்காகப் பேசாத" என்றார்.

ஐயோ, நான் ஏங்கிய அதே சொல்! அதை அஞ்சலை முன்பே கொடுத்துவிட்டாள் என்பது அப்போது ஏன் உறைக்கவில்லை? ஏழையின் நம்பிக்கை கடைத்தெருவில் செல்லாது என்று நினைத்தேனா? ஆம், நினைத்தேன்...

மறுநாள் அதிகாரி கேட்டார். "பண்ணை நெல்லத்தாங்க ஏத்தினேன். அந்தம்மா கூலிக்கு அறுத்தவங்க" என்றேன். அஞ்சலை ஏசவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் பதிவாகவில்லை. நிலம் கைவிட்டுப் போயிற்று.

பண்ணையாரே நம்பிக் கடனுக்கு நெல் கொடுத்துவிட்டார் என்றதும் ஊரும் நம்பியது. சட்டம் கேட்காத பழைய கடன்களைக்கூடத் தேடிப்போய்க் கொடுத்தேன். நாணயஸ்தன் என்றார்கள். அவளிடம் மட்டும் போக எனக்குக் கால் எழவில்லை.

இந்தத் தையில் அதே களத்துக்குப் போகவேண்டி வந்தது. இப்போது அங்கே சாகுபடி செய்பவர் வெளியூர்க்காரர். அஞ்சலை அவரிடம் கூலிக்குக் கதிர் அடித்துக்கொண்டிருந்தாள். கடனுக்கு நெல் கேட்டேன். அவர் தயங்கி, அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, நீ இந்த ஊருதானே? இவர நம்பி ஏத்தலாமா?"

அவள் நிமிர்ந்தாள். சொல்லிவிடு தாயே, எல்லார் முன்னாலும் சொல்லிவிடு... என்று என் நெஞ்சு கிடந்து தவித்தது!

"ஏத்துங்க. சொன்ன நாளுக்குப் பணம் வந்துரும்" என்றாள்.

அவ்வளவுதான். என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. குனிந்து அடுத்த கதிர்க்கட்டை எடுத்து அடிக்கத் தொடங்கினாள்.

நான் நெல்லை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.