கம்ப்யூட்டரும் என் மனைவியின் தாளக் கணக்கும்

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பதினோரு தடவை செத்து, பதினோரு தடவை உயிர்த்தெழுந்தது. சுவிட்சைப் போட்டால் திரையில் வெளிச்சம் வரும், வட்டம் சுற்றும், சில சமயம் முகப்புப் படம்கூடத் தலைகாட்டும். உடனே பட்டென்று இருட்டிவிடும். பிறகு தானாகவே முதலிலிருந்து தொடங்கும்.

நிதானமாக யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், பழைய டி.வி.யைத் தட்டுவது போலப் பெட்டியின் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினேன். கரண்டு போதவில்லையோ என்று பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டேன். பிரிண்டரோடு ஏதாவது பிணக்கோ என்று சந்தேகப்பட்டு அதன் வயரையும் உருவினேன். கடைசியில் ஜெபம் பண்ணினேன். இனி சீட்டாட்டம் விளையாட மாட்டேன் என்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தபோதுதான் என் பயம் எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது.

பயம் கம்ப்யூட்டருக்காக இல்லை. உள்ளே என் மனைவியின் பாட்டு இருந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. அதற்காக ஒரு பாட்டுக்குச் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலுக்கும் சுரம் அமைத்திருந்தாள். இரண்டு மாதம், சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஏற்றியது. மறுநாள் சாயங்காலம் பயிற்சிக்கு எல்லார் கையிலும் தாள் இருக்க வேண்டும். முதலில் நோட்டில் எழுதுகிறேன் என்றுதான் சொன்னாள். "காகிதம் நனையும், கரையான் அரிக்கும். கம்ப்யூட்டர்ல கிடந்தா கல்லுல எழுதின மாதிரியாக்கும்" என்று உபதேசம் செய்தவன் நான்.

தக்கலையில் ரிப்பேர் கடைக்குப் போன் போட்டேன். "சாப்ட்வேர் போனதாக்கும் அண்ணாச்சி. கொண்டு வாங்க, பார்மட் அடிச்சித் தாறேன்."

"உள்ள உள்ள பைலு?"

"எடுக்கப் பாக்கலாம். உறுதி சொல்ல முடியாது."

அவள் வருவதற்கு முன்னால் பெட்டியைக் கடத்திவிட வேண்டும், பாட்டு போனால் பழியை வைரஸ் மேல் போட வேண்டும் என்பது என் திட்டம். ஆட்டோவுக்குச் சொன்னேன். பெட்டியை இடுப்பில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஆட்டோவுக்குப் பின்னாலேயே அவளும் நின்றாள்.

"அத எங்க கொண்டு போறிய?"

"சும்மா. ஒரே மூலையில இருக்கே, காத்தாட முட்டம் கடற்கர வரைக்கும் கூட்டிட்டுப் போலாம்னு."

மற்ற நாளென்றால் சிரித்திருப்பாள். "என் பாட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பையை இறக்கி வைத்துவிட்டு, "திரும்ப மாட்டுங்க, நான் பாக்கட்டு" என்றாள். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "நான் நிக்கவா போவவா அக்கா?"

"பத்து நிமிசம் நில்லுங்க."

சுவிட்சைப் போட்டேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, முழங்காலில் வலது கையால் தாளம் போட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"மிண்டாம இருங்க."

பெட்டி அணைந்தது. பழைய கவர் ஒன்றின் முதுகில் 31 என்று எழுதினாள். மறுபடி தாளம். 12. பிறகு 44. பிறகு 9.

"உள்ள உள்ள கேடுன்னா அனேகமா ஒரே இடத்துலதான் வந்து விழும்" என்றாள். "நம்ம டெனர் ஆளுவ எத்தன தடவ பாடினாலும் அதே வரியிலதான தப்புவாங்க? இது அப்பிடி இல்ல. தோணின இடத்துல நிக்குது. யாரோ வெளிய இருந்து கை வைக்குத மாதிரி இருக்கு."

"நான் தொடவே இல்லட்டீ!"

"உங்களச் சொல்லல்ல. இந்தப் பெட்டியில கை வைக்க எடம் எங்க இருக்கு?"

மூக்குக் கண்ணாடியை இறக்கி முன்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். பெரிய பட்டனை அழுத்தினாள், துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதற்குக் கீழே கடுகுபோல ஒரு சின்னப் பட்டன். தொட்டால் கம்ப்யூட்டரை முதலிலிருந்து தொடங்கவைக்கும் பட்டன் அது. பாதி உள்ளே சரிந்து கிடந்தது. உள்ளே விசிறி சுற்றுகிற அதிர்வில் அது அப்பப்போ தானாகவே அமுங்கியிருக்கிறது.

தலையிலிருந்து ஸ்லைடை எடுத்து நெம்பினாள். பட்டனோடு பழுப்பு நிறத்தில் பசைபோல எதுவோ வந்தது. மோந்து பார்த்தாள்.

"தேங்காண்ண."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை.

போன மாதம் பெரிய பட்டன் இறுகிக் கிடந்தது. எங்கள் வீட்டில் கேட் கிரீச்சிட்டால், குடை மடங்காவிட்டால், தையல் மெஷின் முனகினால், எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான். அதற்கும் ரெண்டு சொட்டு விட்டேன். பெரியதற்கு விட்டுச் சின்னதை விடாமல் இருந்தால் பட்சபாதம் ஆகாதா என்று சின்னதற்கும் ரெண்டு. ஒரு மாதத் தூசி சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொண்டது.

"அண்ணாச்சி, என் ஆட்டோ பிரேக்குல மட்டும் கைய வச்சிராதீங்க" என்றார் ஆட்டோக்காரர்.

பட்டனைத் துடைத்து வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் சுவிட்சைப் போட்டாள். மறுபடியும் தாளம். நாற்பத்துநாலைத் தாண்டியபோது நான் மூச்சுவிட மறந்தேன். நூறில் ஆட்டோக்காரர் கை தட்டினார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. முந்நூறு வரைக்கும் எண்ணினாள். எங்கள் கல்யாணம் முடிந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் தாளம் எண்ணுவது சர்ச்சுக்கு உள்ளே மட்டும் பிரயோஜனப்படும் சங்கதி என்றே நான் நினைத்திருந்தேன். ரிப்பேர் கடைக்காரர் பார்க்காமலே பார்மட் என்றார். நான் பார்த்துப் பார்த்துப் பயந்தேன். ஆனால் அது எப்படி நிற்கிறது என்று அவள் ஒருத்திதான் பொறுமையாகக் கேட்டாள்.

பைலைத் திறந்தாள். நாலு வரியும் அப்படியே இருந்தன. உடனே நம்பிவிடவில்லை. ஆல்டோ வரியை முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகப் பாடிப் பார்த்தாள், ஒரு சுரமும் விடாமல். ஆட்டோக்காரர் கதவில் சாய்ந்து நின்று கேட்டார். எனக்கு நாக்கு நுனிவரை ஒரு பகடி வந்தது. விழுங்கிவிட்டேன்.

பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிரிண்டர் வயரை நானே செருகினேன். தாள்கள் சூடாக ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"நாலு குரலயும் தனித்தனியா அடுக்குங்க, மாத்திராதீங்க" என்றாள்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரெண்டு கையாலும் அடுக்க ஆரம்பித்தேன்.