கத்தியைத் திருப்பிக் கொடுத்த கை

போன சனிக்கிழமை காலை என் சொந்தத் தம்பியை வயிற்றில் கத்தியால் குத்தினேன்.

பதற வேண்டாம். ரப்பர் கத்திதான். ஆனால் குத்து வாங்கிய பிறகு அவன் முகம் போன போக்கு இருக்கிறதே... அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேகர் எனக்கு நேர் இளையவன். ஒரு சிறையில் சார்ஜன், அதாவது சார்ஜென்ட். புதிதாக வேலைக்கு வருகிற வார்டன்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கிறவன். கைதி அடிக்க வந்தால் எப்படித் தடுப்பது, கத்தியோடு வந்தால் எப்படிப் பிடுங்குவது — இதெல்லாம் அவன் பாடம். வீட்டில் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க நாலு தடவை துணி தேடுவான். ஆனால் ஆள் மணிக்கட்டைப் பிடித்தான் என்றால் பிடித்ததுதான், உடும்புப் பிடி.

என்னை இந்த வம்பில் இழுத்துவிட்டவர் செலின். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பிளாக்கிலேயே குடியிருக்கிறார். போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது போலீஸ், சிறை இரண்டிலும் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கே பயிற்சி கொடுக்கிறார். வாத்தியார்களுக்கு வாத்தியார்.

ஒரு நாள் லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, சனிக்கிழமை ஃப்ரீயா? என் கிளாஸுல கைதியா நடிக்க ஒரு ஆள் வேணும் லா.”

“எனக்கு முட்டி வலி, செலின். எசகுபிசகா அடிச்சுப் போட்டுட்டா?”

“யாரும் அடிக்க மாட்டாங்க. பத்திரிகையில வாரா வாரம் பேனாவால எல்லாரையும் குத்துறீங்க. ஒரு நாள் வந்து கத்தியால குத்துங்களேன்.”

“என் தம்பியும் அந்த கிளாஸுக்கு வரான்.”

“அப்ப ரொம்ப நல்லதா போச்சு. தம்பின்னு மட்டும் பாவம் பார்க்காதீங்க.”

சேகர் அந்த வகுப்புக்கு ஆசையோடு வரவில்லை. மேலிடத்து உத்தரவு. முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதே புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

“எனக்கே கிளாஸா? எத்தனை பேட்ச் என் கையில படிச்சிட்டுப் போயிருக்கு... இப்ப போயி எனக்கு ரோத்தி சானாய் எப்படிச் சாப்பிடுறதுன்னு சொல்லித் தரப் போறாங்களாம்.”

அவன் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதன் பெயர் முகிலன்.

முகிலன் அவனிடம் பயிற்சி பெற்ற வார்டன். கிள்ளான்காரன். புதிதாகக் கல்யாணமானவன். “என் பெஸ்ட் ஸ்டூடன்ட்” என்று சேகரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஆள். அவனை ஒரு கைதி தாக்கியிருக்கிறான். டூத்பிரஷ் பிடியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி கூராக்கி வைத்திருந்தானாம். அதை எடுத்துக்கொண்டு பாய்ந்திருக்கிறான். முகிலன் பயிற்சியில் கற்றபடியே அவன் கையை மடக்கி, லாகவமாகப் பிடுங்கிவிட்டான்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் யாருக்கும் புரியவில்லை. பிடுங்கியதை அந்தக் கைதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஆமாம், கொடுத்துவிட்டான். கைதி அதை வாங்கி முகிலன் வயிற்றில் இறக்கினான். உயிர் பிழைத்தது அவன் பெண்டாட்டி கும்பிட்ட மாரியம்மன் புண்ணியம்.

எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கிறது. சேகரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

“வலது கையால நீட்டுறான், அக்கா. இடது கை முழங்கையைத் தொட்டுக்கிட்டு இருக்கு. லேசா குனிஞ்சு வேற. பெரிய மனுஷனுக்கு வெத்தலைத் தட்டு கொடுக்கிற மாதிரி கொடுக்கிறான்.”

இந்த ஊரில் யாருக்கு எதைக் கொடுத்தாலும் நாம் அப்படித்தானே கொடுக்கிறோம்? கடையில் பார்சல் கட்டித் தருகிற அண்ணன் முதல் கவுன்டரில் டோக்கன் நீட்டுகிற மலாய்ப் பெண் வரைக்கும் எல்லோருக்கும் அதே பழக்கம்தான். ஆனால் தன்னைக் கொல்ல வந்தவனுக்கு, அவன் ஆயுதத்தையே எடுத்து அப்படிக் கொடுப்பார்களா?

மேலதிகாரிகள் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். இவனும் கைதியும் கூட்டு. உள்ளே ஏதோ பேரம், அதில் தகராறு, குத்து. விசாரணை வைத்துவிட்டார்கள். வேலை போகலாம், கேஸும் வரலாம். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் முகிலனிடம் ஒரே பதில் — “தெரியல சார்.”

அந்த விசாரணையில் சேகரும் சாட்சி. அவனிடம் கேட்கப்போவது ஒரே கேள்வி. பிடுங்கிய ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி நீ சொல்லிக்கொடுத்தாயா?

“எந்த மடையனாச்சும் அப்படிச் சொல்லிக்கொடுப்பானா? இல்லைன்னுதான் சொல்லப் போறேன். அதான் உண்மை. என் பேரையே கெடுத்துட்டான், படுபாவி.”

“ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தியா அவனை?” என்று கேட்டேன்.

“ரசம் ஊத்து,” என்றான்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பேட்மின்டன் ஹால். போலீஸ் பாதி, சிறைக்காரர்கள் பாதி. எல்லோரும் வாத்தியார்கள் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பள்ளிக்கூட நாளில் கடைசி பெஞ்சு எப்படி இருக்குமோ, அப்படி.

செலின் வந்ததுமே பழைய பாடம் ஒன்றைத் தூக்கிப் போட்டார். ஆளைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டி போட்டு அமுக்கிக்கொண்டே இருக்கிற பழக்கம் இனி கூடாது.

“‘பேசுறான்ல, அப்ப மூச்சு விடுறான்’னு சொல்லிக்கிட்டே இருந்தோம். பேசிக்கிட்டே செத்துப் போயிடலாம். விலங்கு மாட்டினதும் ஒருக்களிச்சுத் திருப்புங்க, உட்கார வைங்க.”

சிலர் எழுதிக்கொண்டார்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். நம் ஆள் இரண்டாவது கூட்டம்.

அடுத்து கத்தி. செலின் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் ரப்பர் கத்தியின் முனையில் லிப்ஸ்டிக் தடவினார். பட்ட இடம் தெரிய வேண்டுமாம். நல்ல ரத்தச் சிவப்பு ஷேட், கல்யாண வீட்டுக்குப் போடலாம்.

“அவங்க பிடுங்குவாங்க, அக்கா. பிடுங்கட்டும். திருப்பிக் கொடுத்தா மட்டும், வாங்கின கையோட குத்திடுங்க.”

“யாரு கொடுப்பா, செலின்?”

“பார்ப்போமே.”

எனக்குச் சுருக்கென்றது. முகிலன் நினைவு வந்துவிட்டது. இருந்தாலும் இங்கே நிற்பவர்கள் அனுபவசாலிகள் ஆயிற்றே. அதிலும் சேகர், அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் குதித்தவன்.

“சார்ஜன் சேகர், நீங்கதான் சீனியர். முதல்ல வாங்க.”

சிரித்துக்கொண்டே வந்தான். “மெதுவா வா அக்கா, முட்டி பத்திரம்,” என்றான். நான் பாய்ந்தேன். அதாவது, என் வயதுக்குப் பாய்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்தான், ஒரு திருப்பு, கத்தி அவன் கையில். எனக்கு வலிக்கக்கூட இல்லை. ஹாலே கை தட்டியது.

தம்பி நிமிர்ந்தான். வலது கையை நீட்டினான். இடது கை முழங்கைக்குப் போனது. லேசாகக் குனிந்து, கத்தியின் பிடி என் பக்கம் இருக்கும்படி கொடுத்தான்.

“தெரிமா காசி, காக்,” என்றான். பயிற்சியில் மலாய் பேசித்தான் பழக்கம். சொந்த அக்காவுக்கு மலாயில் நன்றி.

வாங்கினேன். குத்தினேன்.

வெள்ளை டி-ஷர்ட்டில் தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு. ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு போலீஸ்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சேகரும் சிரித்தான். சிரித்தபடியே குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான்.

“ஏன் திருப்பிக் கொடுத்தீங்க, சார்ஜன்?” என்று செலின் கேட்டார்.

சேகர் கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

“தெரியல, மேடம்.”

அவன் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அப்படி வெளிறிப்போய் என் தம்பியை நான் பார்த்ததே கிடையாது.

செலின் ஹாலைப் பார்த்துத் திரும்பினார். “சிரிச்சவங்கள்ல, நான் கொடுத்திருக்க மாட்டேன்னு சத்தியம் பண்றவங்க கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை.

விஷயம் இவ்வளவுதான், வாசகர்களே. பயிற்சியில் ஜோடி ஜோடியாக நிற்பார்கள். ஒருவர் குத்த வருவார், மற்றவர் பிடுங்குவார். மறுபடி குத்த வேண்டுமே? அதனால் கத்தியைத் திருப்பிக் கொடுப்பார். மரியாதையாக, நன்றி சொல்லி. பிடுங்கு, கொடு. பிடுங்கு, கொடு. காலை முழுக்க, மாதக்கணக்கில். யாரும் “கொடு” என்று பாடம் நடத்தவில்லை. ஆனால் பிடுங்குவதும் கொடுப்பதும் ஒரே அசைவாகக் கையில் ஊறிவிட்டது. பயத்தில் புத்தி ஓடிப்போகும். கை மட்டும் தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருக்கும்.

“இன்னொரு தடவை, மேடம்,” என்றான் சேகர்.

மறுபடி பாய்ந்தேன். பிடுங்கினான். இந்தத் தடவை அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த வலது கை பாதி தூரம் என்னை நோக்கி வந்தது. இடது கையால் அதைப் பிடித்து நிறுத்தினான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இதற்கு செலின் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஒரு வாளி. பாசாரில் விற்கிற சிவப்பு பிளாஸ்டிக் வாளி, அது நிறைய ரப்பர் கத்திகள். பிடுங்கியவர் பின்னால் நகர்ந்து, கத்தியைத் தூரப் போட்டு, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். குத்த வருகிறவர் வாளியிலிருந்து வேறு கத்தி எடுத்துக்கொள்வார். திருப்பிக் கொடுக்கிற வேலையே இல்லை. ஒரு வாளி இல்லாததால் ஒருவனுக்குக் குடல் வரைக்கும் தையல் என்றால்... இதை எங்கே போய்ச் சொல்வது?

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் அபார்ட்மென்ட்டில் அடிக்கடி ஃபயர் அலாரம் அடித்துச் சோதனை செய்வார்கள். செக்யூரிட்டி கார்டு வந்து “டெஸ்ட், டெஸ்ட்” என்று சொல்கிற வரை சோபாவில் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் மேல் மாடியில் நிஜமாகவே அடுப்பு பற்றிக்கொண்டது. அலாரம் அலறுகிறது, பிளாக் மொத்தமும் சோபாவில் உட்கார்ந்து கார்டுக்காகக் காத்திருக்கிறது. தப்பித்து ஓடத்தான் பயிற்சி எடுக்கிறோம் என்று நினைத்தோம். உட்காரப் பயிற்சி எடுத்திருக்கிறோம்.

வகுப்பு முடிந்ததும் சேகர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

“கிள்ளான் வரைக்கும் வரியா, அக்கா?”

“நான் எதுக்கு?”

“தனியா போக பயமா இருக்கு.”

எத்தனையோ முரடர்களுக்கு நடுவே வேலை பார்க்கிறவன் சொல்கிறான். ஏறிக்கொண்டேன். டி-ஷர்ட்டைக்கூட அவன் மாற்றவில்லை.

முகிலன் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் மனைவி வாணி. சேகரின் வயிற்றைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள்தானே.

“பயப்படாதே மா, லிப்ஸ்டிக்,” என்றேன். ஆம்பளை சட்டையில் இருப்பது லிப்ஸ்டிக் என்று சொல்லி ஒரு பெண்ணைச் சமாதானப்படுத்தியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முகிலன் சோபாவில் சாய்ந்திருந்தான். துரும்பாக இளைத்திருந்தான். சேகரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். “உட்காரு,” என்று சேகர் அவன் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இன்னிக்கு நானும் கொடுத்தேன், முகிலா.”

முகிலனுக்குப் புரியவில்லை. சேகர் டி-ஷர்ட்டை இழுத்துக் கோட்டைக் காட்டினான். வாளி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். “ஏன் கொடுத்தேன்னு மேடம் கேட்டாங்க. தெரியலைன்னேன். நீ சொன்ன அதே பதில்.”

முகிலன் கை நீட்டி அந்தச் சிவப்புக் கறையைத் தொட்டுப் பார்த்தான்.

“நான் பைத்தியமாயிட்டேனோன்னு நினைச்சேன் சார். வாணிகூட ஒரு நாள் கேட்டுட்டா, நிஜமா அவன்கூட ஏதாச்சும் டீலிங் இருந்துச்சான்னு. இல்லைன்னு சொன்னேன். ஆனா கேமராவுல பார்த்தா நான்தானே கொடுக்கிறேன்... எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு சார்.”

வாணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“விசாரணையில என்னைக் கேட்பாங்க,” என்றான் சேகர். “நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு சொல்லப் போறேன். செலின் மேடமும் வந்து செஞ்சு காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க.”

“உங்களுக்கு சூசா ஆயிடாதா சார்? பயிற்சி கொடுக்கிற வேலையே போயிடுமே,” என்றாள் வாணி.

“போகட்டும் மா.”

விசாரணை இன்னும் நடக்கவில்லை. என்ன தீர்ப்பு வருமோ, தெரியாது. சேகரின் மற்ற மாணவர்கள் எந்தெந்தச் சிறையில் அதே கையோடு நின்றுகொண்டிருக்கிறார்களோ, அதுவும் தெரியாது. அவன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான்.

நாங்கள் கிளம்பும்போது முகிலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. விறைப்பாக நின்று, “தேங்க்ஸ் சார்” என்றான். என் தம்பி வாசலைத் தாண்டியதும் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

தப்பாகச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, வயிற்றில் தையலோடு எழுந்து நின்று நன்றி சொல்கிறான். வாத்தியாரை நாலு வார்த்தை திட்டுவதற்கும் யாராவது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கூடாதா?