மோண்டியாவின் வயிறும் வேனாவின் அரிசியும்

சிம்பு மலைச்சரிவில் மோண்டியாவின் சர்க்கரைவள்ளிக்கு ஈடு கிடையாது. நட்டது அவள், தோண்டியது அவள், தோலோடு சுட்டுத் தின்பதும் அவள்தான். புருஷன் கவாகே காப்பிக்கொட்டை விற்று வாங்கும் அரிசி மூட்டையோ நேரே சக்களத்தி வேனாவின் குடிசைக்குப் போகும். அதன் பின்னாலேயே அவனும் போவான். அந்த வீட்டுப் புகையைப் பார்த்தாலே மோண்டியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நர்ஸ் எமெல்டா வந்து, ஆளுக்கொரு டப்பாவில் மலம் வேண்டும், பரிசோதனைக்கு என்றாள். ஊர் ஆடிப்போனது. கழிவு வேண்டாதவர் கையில் சிக்கினால் செய்வினைதான் என்று ஆழப் புதைத்துவிட்டு வருகிற சனமாயிற்றே! டப்பாக்களைச் சுமந்துவர வேனா முன்வந்ததும் மோண்டியா பாய்ந்தாள்.

"எம்புருஷனைக் கொண்டுபோனது பத்தலியாடி? இதுவும் வேணுமா?"

சுகாதார நிலையம் வரை தன் டப்பாவைத் தானே சுமந்து நடந்தாள்.

சில மாதம் கழித்து எமெல்டா முடிவோடு வந்தாள். "கிழங்குத் தோலு, கீரை நாரெல்லாம் நமக்குச் செரிக்காது. பெருங்குடல்ல இருக்கற கிருமிங்கதான் அதைப் புளிக்க வெச்சுத் தின்னும். அதுங்க விடற அமிலந்தான் குடலுக்கே சாப்பாடு. மோண்டியாக்கா வயித்துல அதுங்க ஏராளம்."

"அக்கா விடற காத்துலயே தெரியுமே!" என்று யாரோ கத்த, ஊரே சிரித்தது.

"வேனா, நீ வெறும் சோறா தின்னா அதுங்களுக்குப் பட்டினி. உன் மலச்சிக்கலுக்கு அதான் காரணம். அக்கா திங்கறதைத் தின்னு."

அடடா, மோண்டியாவுக்கு என்ன குளிர்ச்சி! சாயங்காலம் வீட்டைப் பெருக்கி அடுப்பை மூட்டினாள். நினைத்தபடியே கவாகே வந்தான், தோளில் அரிசி மூட்டையோடு.

"இந்தா, இனி இது உனக்கு. வேனாவுக்கு ஆகலையாம். ஒரு பை கிழங்கு குடு, கொஞ்சம் கீரையும். நானே சுட்டுக் குடுக்கணும் அவளுக்கு."

"நீயா சுடப்போற?" இத்தனை வருஷத்தில் இவள் அடுப்பை அவன் ஊதிக்கூடக் கொடுத்ததில்லை.

"பாவம், வலியில துடிக்கறா."

மோண்டியா பையை நிரப்பினாள். கொடுக்கும்போது கை விடவில்லை.

"யோவ், அரிசியைத் தூக்கிப் போடு. எவளுக்கு வேணும் அது? நீ இரு. இன்னிக்கு ஒருநாள் இங்க இருய்யா."

"கீரை வாடிடும்," என்று பையை இழுத்துக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.